பனிக்குள் அடித்த பெல்

சுவிட்சர்லாந்து போய் வந்தவன் வீட்டில் ஒரு மாதத்துக்குப் பேச்சு ஓயாது என்பார்கள். ஸ்டீவன் வீட்டில் பேச்சு தொடங்கவே இல்லை.

போன வாரம் அவனும் விநாயக்கும் பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கி, வண்டி பிடித்துக் கோலார் தங்க வயலுக்குத் திரும்பினார்கள். பம்ப் செட் விற்கும் கம்பெனியில் இருவருக்கும் வேலை. கேட்டதற்கு மேல் விற்றுக்கொடுத்ததற்காக, ஆல்ப்ஸ் மலையில் பணக்காரர்கள் பனியில் சறுக்கி விளையாடும் ஊருக்குக் கம்பெனி செலவில் அனுப்பினார்கள். அங்கே பனி சரிந்து விநாயக் புதைந்தான். நல்ல வேளையாக உயிரோடு எடுத்துவிட்டார்கள். இடது கையில் இரண்டு விரல்கள் பனியில் விறைத்துக் கறுத்துப்போய், கட்டோடு திரும்பியிருக்கிறான்.

ஸ்டீவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வந்த நாளாகத் தூக்கம் இல்லாதவன் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச்சுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் லவினா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஸ்டீவனின் மனைவி. மனதில் ஒன்று வைத்து வாயில் இன்னொன்று பேசத் தெரியாதவள். அதனால் அவளுக்குச் சிநேகிதிகள் குறைவு, இருப்பவர்கள் கெட்டியானவர்கள்.

"இன்னாங்க, அந்தப் பொட்டிய எப்ப தொறக்கப் போறீங்க? சாக்லேட்டு உள்ளயே இளகிப் போயிருக்கும்."

"தொறக்கலாம்."

"ஜெயசீலி அக்கா நேத்து வந்து, பனின்னா எப்டிம்மா இருக்கும்னு கேட்டாங்க. எங்க ஃப்ரிட்ஜு மேல்தட்டுல இருக்குதே, அதான்க்கான்னு சொல்லி அனுப்பிட்டேன். போய் வந்தவரு வாயத் தொறந்தாதானே நான் சொல்ல முடியும்?"

கூடத்தில் நாற்காலியில் இருந்த ஹரோல்ட் சிரித்தார். ஸ்டீவனின் அப்பா. தங்கச் சுரங்கமான மைன்ஸ் மூடும் வரை, ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டான கேஜை இயக்கும் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தவர். காது இன்னும் கூர்மை, முழங்கால்தான் ஒத்துழைப்பதில்லை.

"சொல்லேண்டா. அந்த நீளக் கட்டைய கால்ல மாட்டிக்கினு எப்டி நிக்கறாங்க?"

அப்பா கேட்டால் தட்ட முடியாது. ஸ்டீவன் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தான்.

"கட்ட கூடப் பரவால்ல டாடி. அந்த ஷூவு இருக்குதே, கம்பூட்ல சிமெண்ட் ஊத்தி அதுக்குள்ள கால விட்ட மாதிரி. மொத நாளு ரூம்ல இருந்து லிஃப்டு வரைக்கும் வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் நாலு வாட்டி உக்காந்துட்டோம். கத்துக் குடுக்கறதுக்கு ஒரு பொண்ணு. முனை ரெண்டயும் சேத்து வை, பின்னால அகட்டு, அப்ப நிக்கும்னு சொல்லுது. நிக்கலயே. எங்க காலுக்கு நடுவுல ரவுண்டு ரவுண்டா சின்னப் பசங்க பூந்து போறாங்க, பால் பல்லு கூட விழாததுங்க."

"விநாயக்கு?"

"அவன் ரெண்டாம் நாளே புடிச்சிக்கினான். சயனைடு மேட்டுல தகரம் வச்சி சறுக்கினவனுக்கு இது இன்னாண்ணா பெரிசு, அப்டீன்னான்." தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவு மண் மலைதான் சயனைடு மேடு.

லவினா அடுப்பைக் குறைத்துக்கொண்டு திரும்பினாள். இத்தனை வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து எவ்வளவு நாளாயிற்று.

"மலை மேல போறதுக்குக் கண்ணாடி கேஜ் டாடி. எட்டு பேர் உக்காரலாம். உக்கார்ற எடத்துல சூடு வேற வருது. எதிர்ல உரோமக் கோட்டு போட்ட அம்மா, மடியில அதுக்கும் ஒரு கோட்டு போட்ட நாயி. எங்களப் பாத்து அந்த நாயிதான் சிரிச்சுது. விநாயக் சொல்றான், 'ஸ்டீவண்ணா, நம்ம தாத்தனுங்க கேஜ்ல கீழ போனாங்க, நாம மேல போறோம். பரவால்ல, குடும்பம் முன்னேறிச்சி'ன்னு. உச்சியில ஒரு ஓட்டலு. நாற்காலிக்கெல்லாம் ஆட்டுத் தோலு. சூப்பு விலையப் பாத்துட்டு, எனக்குப் பசிக்கலண்ணான்னு எழுந்துட்டான்."

ஹரோல்ட் வாய்விட்டுச் சிரித்தார். ஸ்டீவனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த நாளாக முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து லவினா தோசைக் கரண்டியில் ஒட்டிய மாவை உதிர்க்கக் கல்லின் விளிம்பில் தட்டினாள். மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று தட்டு.

ஸ்டீவனின் கையிலிருந்த டம்ளர் நழுவிக் காப்பி தரையெல்லாம் ஓடியது. அதே நேரத்தில் நாற்காலியில் ஹரோல்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

லவினா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாச்சி ரெண்டு பேருக்கும்?"

"கரண்டிய அப்டித் தட்டாதம்மா," என்றார் ஹரோல்ட். எழுந்து, முழங்காலைப் பிடித்தபடி உள்ளே போனார்.

மூன்றும் மூன்றும். மைன்ஸ் ஓடிய காலத்தில் அது ஒரு பெல். பாதாளத்தில் எந்த அடுக்கில், எந்த லெவலில் கேஜ் நின்றாலும் அங்கிருந்து பெல் அடிப்பார்கள். தரைக்கு மேலே இன்ஜின் அறையில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் அதைக் கேட்டுத்தான் கேஜை இறக்குவார், ஏற்றுவார். ஆளை மேலே தூக்கு என்பதற்கு மூன்றும் மூன்றும். ஹரோல்ட் ஒரு நாளும் பாதாளத்தைப் பார்த்ததில்லை. அங்கிருந்தவர்களின் உயிரெல்லாம் அவர் காதில் இருந்தது.

மைன்ஸ் மூடி, கேஜ் இறங்கிய ஷாஃப்டுக் குழிகளில் தண்ணீர் நிறைந்த பிறகும், தொழிலாளர் வரிசையான லைன் வீட்டுப் பிள்ளைகள் கேஜ் விளையாட்டு விளையாடினார்கள். தெருக்குழாயில் கல்லால் மூன்றும் மூன்றும் அடித்தால், மறுமுனையில் இருப்பவன் பதிலுக்கு அடிக்க வேண்டும். ஸ்டீவனும் விநாயக்கும் அதில் கெட்டிக்காரர்கள். ஹரோல்டுக்கு மட்டும் அந்த விளையாட்டைக் கண்டால் ஆகாது. மற்ற வீட்டுப் பிள்ளைகளைப் பூச்சாண்டி சொல்லி மிரட்டுவார்கள்; ஸ்டீவனை அவர் மிரட்டியது இப்படி: மூடின லெவலில் இருந்து பெல் வந்தால் பதில் அடிக்கக் கூடாது. அடிப்பது ஆள் இல்லை. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

வேலி போட்ட ஷாஃப்ட் பக்கம் போகும்போதெல்லாம் அப்பா அதைச் சொல்லாமல் விட்டதில்லை. ஜெபம் மாதிரி மனப்பாடம் ஆகிப்போயிருந்தது.

காப்பியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. விநாயக்.

"ஸ்டீவண்ணா, எங்கியும் போய்டாதீங்க. சாயந்திரம் அம்மா உங்க ஊட்டுக்கு வருது. துண்டு வாங்கி வச்சிக்கீது."

ஸ்டீவன் போனை வைத்தான்.

துண்டு என்றால் தங்க வயலில் எல்லோருக்கும் தெரியும். பாதாளத்தில் மாட்டிக்கொண்டவனை ஒருத்தன் உயிரோடு மேலே கொண்டுவந்தால், பிழைத்தவன் வீட்டுப் பெண் தெருவில் நாலு பேர் பார்க்க அவன் தோளில் புதுத் துண்டு போடுவாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனுக்குப் பிள்ளை உரிமை. மைன்ஸ் போனபோது அந்த வழக்கமும் போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். விநாயக்கின் அம்மா தங்கம்மா மறக்கவில்லை.

அவளால் எப்படி மறக்க முடியும்? விநாயக் தவழ்ந்துகொண்டிருந்தபோது அவள் புருஷன் காத்தவராயன் இருந்த லெவலில் பாறை வெடித்தது. ஒருத்தரும் பிழைத்திருக்க முடியாது என்று லெவலையே மூடிவிட்டார்கள். உடம்பு மேலே வரவில்லை. மேலே வராதவனுக்கு நான் எப்படிப் பொட்டை அழிப்பேன் என்று கேட்டாள் தங்கம்மா. இன்றுவரை அழிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து மகனைப் படிக்கவைத்தாள். அவனுக்குக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தவன் ஸ்டீவன்.

மதியம் சாப்பாடு முடிந்ததும் ஸ்டீவன் தோள்பையில் சட்டையை அடைத்தான்.

"எங்க?" என்றாள் லவினா. கொல்லையில் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் காயப்போட்ட போர்வையில் சயனைடு மேட்டிலிருந்து காற்று கொண்டுவந்த வெள்ளைத் தூசி படிந்திருந்தது. இரண்டு கையாலும் உதறினாள்.

"பெங்களூரு. ஆபீஸ்ல அவசரம்."

"ஞாயித்துக்கிழம எந்த ஆபீஸு? தங்கம்மா அத்தை வர்றாங்கன்னு தெரிஞ்சிதானே போறீங்க?"

அவன் தூசி பறப்பதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு வாரமா பாக்கறேன். சுவத்துல காது வச்சிக்கினு நிக்கறீங்க. கொழாய மூடிட்டு மூடிட்டுப் பாக்கறீங்க. நான் கரண்டி தட்டினா நடுங்கறீங்க. இன்னா நடந்துச்சோ சொல்லிட்டு ரயில் ஏறுங்க. சொல்லாம வாசப்படி தாண்டக் கூடாது."

அவன் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்.

கடைசி நாள். எல்லோரும் கம்பு நட்டுக் கயிறு கட்டிய பாதையில்தான் சறுக்குகிறார்கள். விநாயக்குக்கு அது அலுத்துவிட்டது. மரங்களுக்கு நடுவில் ஒரு சரிவைக் காட்டி, முன்னால் போய்விட்டான். ஸ்டீவனுக்கு அவ்வளவு தைரியம் இல்லை. பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்துப் பின்னால் போனான். பாதி வழியில் மேகம் இறங்கியது. மேலும் கீழும் தெரியாத வெள்ளை. எங்கேயோ மணல் லாரி கொட்டுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டு, நின்றுபோனது.

"போய்ப் பாத்தேன் லவி. அவன் போன தடம் ஒரு எடத்துல நின்னுபோச்சி. அதுக்கப்புறம் உழுது போட்ட மாதிரி பனி. கூப்ட்டேன். சத்தமே இல்ல. ஒரு மரத்தப் புடிச்சிக்கினேன். அந்த மரத்துக்குள்ள இருந்து…"

அவன் விரல் கல்லின் மேல் தானாகத் தட்டியது. மூன்று. நிறுத்தி, மூன்று.

லவினா போர்வையைக் கீழே போட்டாள்.

"மரத்தடிப் பள்ளத்துலதான் அவன் இருந்திருக்கான். மேல பனி மூடிக்கினு. கையில இருந்த கம்பால வேர தட்டியிருக்கான். இப்பத் தெரியுது. அப்பத் தெரியல. சத்தியமா விநாயக் ஞாபகமே வரல. டாடி கொரல்தான் கேட்டுச்சி. பதில் அடிக்காத, அது ஆளு இல்ல, திரும்பிப் பாக்காம வந்துடுன்னு. வந்துட்டேன்."

"வந்து யார் கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல. கீழ கேஜ் நிக்கற எடத்துல ஒரு அம்மா, எல்லாம் சரியான்னு கேட்டுச்சி. தலையாட்டினேன். ஓட்டல்ல போய் உக்காந்து சூடா ஒண்ணு கேட்டேன். அது ஏடு கட்டிப் போற வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன். மலைய மூடறதுக்கு முன்னாடி காவக்காரங்க ஒரு சுத்து வருவாங்களாம். அவுங்கதான் ஸ்கீ கட்ட முனையப் பாத்துட்டு எடுத்தாங்க. ஸ்ட்ரெச்சர்ல கொண்டாந்தப்ப ஓடிப்போய்ப் பாத்தேன். அவன் கண்ணத் தொறந்து, 'வந்துட்டியாண்ணா'ன்னான். நான்தான் ஆள் கூட்டியாந்தேன்னு நெனச்சிக்கினான். கம்பெனில இருந்து கூட வந்தவங்களும் அப்டியே பேசினாங்க. நான் இல்லன்னு சொல்லல."

லவினாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததற்காக மறுபடி கோபம் வந்தது. போர்வையை எடுத்து மறுபடி உதறினாள், தூசியே இல்லாத இடத்தையும் சேர்த்து.

"பெங்களூருக்குப் போனா துண்டு போடாம விட்டுடுவாங்களா? அடுத்த வாரம் போடுவாங்க. நீங்களும் குனிஞ்சி வாங்கிக்குவீங்க." அவள் குரல் தணிந்தது. "வாங்கிக்கோங்க. ஆனா அந்தத் துண்ட இந்த ஊட்ல நான் தொவைக்க மாட்டேன்."

ஸ்டீவன் ரயிலுக்குப் போகவில்லை.

வெயில் சாய்ந்ததும் தங்கம்மா வந்தாள். மஞ்சள் சேலை, நெற்றியில் அந்த அழியாத பொட்டு, தட்டில் வெற்றிலையும் எலுமிச்சம்பழமும் மடித்த வெள்ளைத் துண்டும். இங்கிருந்து நேராக கங்கையம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிறாளாம். பின்னால் விநாயக், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. தெருவில் ஜெயசீலியும் இன்னும் நாலைந்து பேரும் கூடியிருந்தார்கள். ஹரோல்ட் நாற்காலியை வாசலுக்கு நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, உங்க புள்ள என் புள்ளைய மேல கொண்டாந்துட்டான்," என்றாள் தங்கம்மா ஹரோல்டிடம். "அவுங்கப்பனுக்குத்தான் யாரும் இல்லாம போய்ட்டாங்க. இவனுக்கு ஒருத்தன் இருந்தான்."

ஹரோல்ட் தலையை அசைத்தார்.

"எல்லாருக்கும் சொல்றேன் கேளுங்க," என்றான் விநாயக். "மேல பனி, மூக்குக்கு முன்னால ஒரு ஜாண் எடம். கத்தினா எனக்கே கேக்கல. ஒரு கை மட்டும் அசையுது. அப்பதான் தோணுச்சி, கொழாய் வெளயாட்டு. மூணும் மூணும் அடிச்சேன். அந்த மலைல எத்தினி ஆயிரம் பேரு, எத்தினி பாஷ. இந்த பெல்லு புரியற ஆளு ஒருத்தன்தான் கீறான், வைண்டிங் டிரைவர் புள்ள, அவன் காதுல உழுந்தா போதும்னு அடிச்சேன். உழுந்துச்சி இல்ல, ஸ்டீவண்ணா?"

தங்கம்மா துண்டை விரித்துக் கையை உயர்த்தினாள். ஸ்டீவன் உயரம், குனிந்தால்தான் அவளுக்கு எட்டும். உள்ளே கதவருகில் லவினா நிற்பது அவனுக்குத் தெரியும்.

அவன் குனியவில்லை.

"உழுந்துச்சிடா," என்றான். "காதுல உழுந்துச்சி. நான் ஓடிட்டேன்."

காதில் விழுந்தது சரிதானா என்று தெருவில் யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார். ஸ்டீவன் நிறுத்தாமல் சொல்லி முடித்தான். மரம், பெல், தலையாட்டியது, ஏடு கட்டிய கோப்பை. "உன்ன எடுத்தது அந்த ஊர்க் காவக்காரங்க. நான் யாருக்கும் சொல்லல. அத்தை, அந்தத் துண்டு எனக்கு வேணாம்."

விநாயக் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். "கேட்டுச்சா," என்றான் மெதுவாக. "கேட்டும் போய்ட்டியாண்ணா?"

"ஆளுன்னு நெனைக்கலடா. செத்தவங்கன்னு நெனச்சேன். சின்ன வயசுல இருந்து டாடி சொல்லுவாரு. மூடின லெவல்ல இருந்து பெல் வந்தா பதில் அடிக்கக் கூடாது, திரும்பிப் பாக்காம வந்துடணும்னு. அது அப்டியே ஏறிப்போச்சி."

தங்கம்மா கையை இறக்கினாள். ஸ்டீவனை அடிப்பாள் என்று ஜெயசீலி நினைத்தாள், லவினாவும்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. ஹரோல்டைப் பார்த்தாள்.

"எங்க லைன்ல யாரும் புள்ளைங்களுக்கு அப்டிச் சொன்னதில்லயே அண்ணா," என்றாள். "என் மாமனாரு பெல் அடிக்கற ஆளு. அவரு சொன்னதில்ல. உங்க கூட வேல பாத்த ஏனோக்கு ஊட்ல சொன்னதில்ல. பெல் வந்தா உசுரு, மொதல்ல பதில் குடுன்னுதான் எல்லாரும் சொல்லிக் குடுப்பாங்க."

ஹரோல்டின் கை நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"மூடின லெவல்ல இருந்து பெல் வந்தான்னு சொல்றதுக்கு, ஒரு வாட்டியாவது வந்திருக்கணும் இல்ல?" தங்கம்மாவின் குரல் உயரவில்லை. "எந்த லெவல்ல இருந்து வந்துச்சி அண்ணா?"

"டாடி," என்றான் ஸ்டீவன்.

ஹரோல்ட் மகனைப் பார்க்கவில்லை. தங்கம்மாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் எதிர் வரிசையில் இருந்தும் அதை நேராகப் பார்க்காதவர்.

"பெல் கேபிள்தான் ஒரசுதுன்னாங்க ஆபீசருங்க," என்றார். "யாரும் இல்ல ஹரோல்டு, கேஜ அசைக்காதன்னாங்க. நானும் அசைக்கல." அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "மூணும் மூணும்தான் தங்கம்மா. விடியற வரைக்கும் அடிச்சிக்கினே இருந்துச்சி."

விநாயக் அம்மாவின் தோளைத் தொட்டான். அவள் தட்டை அவனிடம் கொடுத்தாள். துண்டை மட்டும் கொடுக்கவில்லை. அதை நாலாக மடித்துக்கொண்டு, ஹரோல்டின் காலடியில் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நீ கோயிலுக்குப் போப்பா," என்றாள் மகனிடம். "நான் இவரு சொல்றத முழுசா கேட்டுட்டு வரேன்."